போர் முடிந்ததும் ஏலத்துக்குப் போகும் படகுகள்

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மரைன் படை தன்னிடமிருந்த சிறுபடகுக் கம்பெனியைக் கலைத்தது. இராக்கின் ஆறுகளில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிவு அது. அடுத்த ஆண்டு மே மாதம், அதே நாட்டின் கடற்படை புதிதாக ஒரு நதிப்படையைத் தொடங்கியது. யூப்ரடீஸ் நதியில் ஹதீதா அணையையும் அதைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் காக்க ஆள் வேண்டியிருந்தது. புதிய படையின் மாலுமிகள் ஆற்றுச் சண்டையின் அரிச்சுவடியை மரைன்களிடமே படித்தார்கள். முதல் பிரிவு 2007இல் ஹதீதா போய்ச் சேர்ந்தபோது, இராக் போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இதை ஒரு நிர்வாகக் குழப்பம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்த நாட்டின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், இது பழகிப்போன வழக்கம் என்பது தெரியும். போர் மூண்டதும் அவசரமாகப் படகு கட்டுவது, முடிந்ததும் விற்பது, கற்றதை மறப்பது, அடுத்த போரில் உயிரைக் கொடுத்து மறுபடியும் கற்பது. உலகிலேயே அதிகப் பணம் புழங்கும் கடற்படை இதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. அதைவிடக் குறைந்த வசதி கொண்ட, அதைவிட அதிகமாக ஆறுகளை நம்பி வாழும் நாடுகள் இந்த வரலாற்றைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

கதை, அந்த நாடு பிறந்த ஆண்டிலேயே தொடங்குகிறது. 1776இல் கனடாவிலிருந்து பிரிட்டிஷ் படை சாம்ப்ளேன் ஏரி வழியாக ஹட்சன் ஆற்றை நோக்கி இறங்கத் தயாரானது. சுற்றிலும் காடு, பீரங்கியோடு படை நகர நீர்வழியை விட்டால் வேறு வழியில்லை. ஏரியின் தென்முனையில் பச்சை மரத்தை அறுத்துத் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளைக் கட்ட வைத்தார் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் அர்னால்ட். அக்டோபர் 11 அன்று வால்கர் தீவருகே தொடங்கிய மோதலில் அவர் தோற்றார். படகுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் அவரை எதிர்கொள்ளத் தனியாக ஒரு படகுத் தொகுதி கட்டுவதிலேயே பிரிட்டிஷார் கோடையைச் செலவழித்திருந்தார்கள். குளிர்காலம் நெருங்க, கனடாவுக்குத் திரும்பினார்கள். மறு ஆண்டு அதே திசையிலிருந்து வந்த படை சரடோகாவில் சரணடைந்தது. ஒரு சில படகுகள் ஒரு போரின் போக்கை ஓராண்டு தள்ளிப்போட முடியும் என்பது அன்றே கண்கூடாகிவிட்டது. 1835 முதல் 1842 வரை புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் செமினோல் பழங்குடியினரோடு நடந்த போரிலும் ஓடங்களும் சிறுபடகுகளும் கொண்ட ஒரு தொகுதியைக் கடற்படை உருவாக்கியது. போர் ஓய்ந்ததும் அது இல்லாமல்போனது.

1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, மிசிசிப்பியையும் அதன் கிளைகளையும் பிடித்தால் தெற்கை இரண்டாகப் பிளந்துவிடலாம் என்று வடக்குத் தரப்புக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கான கப்பல் ஒன்றுகூட இல்லை. மிசிசிப்பியில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கு மீட்டுச் செல்வம் சேர்த்த ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளரிடம் அந்த ஆகஸ்டில் ஏழு கவசப் படகுகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவை நீரில் இறங்கின. ஒவ்வொன்றிலும் 13 பீரங்கிகள்; ஆனாலும் ஏறத்தாழ ஆறடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். படகு தரைப்படையின் பணத்தில் வந்தது, தலைவர்களைக் கடற்படை அனுப்பியது. யார் யாருக்குக் கீழ் என்ற சிக்கல் தீர, 1862 அக்டோபரில் இவற்றைக் கடற்படையிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது.

ஆற்றுப் போரின் இயல்பு அந்த ஓராண்டுக்குள்ளேயே முழுதாக வெளிப்பட்டது. 1862 பிப்ரவரி 6 அன்று டென்னசி ஆற்றில் ஹென்றி கோட்டை படகுகளிடமே சரணடைந்தது. தாழ்வான இடத்தில் கட்டிய கோட்டை அது. வெள்ளம் உள்ளே புகுந்திருந்தது. வெற்றிக் களிப்போடு எட்டு நாள் கழித்துக் கம்பர்லாந்து ஆற்றில் டோனல்சன் கோட்டையை நெருங்கினார்கள். அங்கே பீரங்கிகள் மேட்டில் இருந்தன. மேலிருந்து சரிவாக விழும் குண்டுக்கு, பக்கவாட்டுக் கவசம் என்ன செய்யும்? படகுகள் நொறுங்கிப் பின்வாங்கின. படகோட்டும் அறைக்குள் பாய்ந்த குண்டு பைலட்டைக் கொன்று, பக்கத்தில் நின்ற தளபதி ஆண்ட்ரூ ஃபுட்டைக் காயப்படுத்தியது.

அதைவிடக் கொடூரம் ஜூன் 17 அன்று ஆர்கன்சாவின் வைட் ஆற்றில் நடந்தது. ஆழம் குறைந்த ஆற்றில் மிதக்க வேண்டிய படகுக்கு அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். கடற்கப்பலில் நீர்மட்டத்துக்குக் கீழே பத்திரமாகக் கிடக்கும் நீராவி அமைப்பின் ஒரு பகுதி, ஆற்றுப் படகில் மேலே ஏறிவிடுகிறது. கரையிலிருந்து வந்த ஒற்றைக் குண்டு 'மவுண்ட் சிட்டி' படகின் பக்கச் சுவரைத் துளைத்து நீராவிக் கலத்தை உடைத்தது. மூடிய கவசத்துக்குள் கொதிநீராவி நிறைந்தது. ஏறக்குறைய 175 பேர் இருந்த படகில் 100க்கும் மேற்பட்டோர் வெந்தும் நீரில் குதித்தும் இறந்தார்கள். எதிரியைத் தடுக்கப் போட்ட இரும்பே தப்பவிடாத சுவராயிற்று. ஆழமில்லாத நீர் விதிக்கும் கட்டாயங்களை ஆழ்கடல் அறிவைக் கொண்டு சமாளிக்க முடியாது என்பதற்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று யாசூ ஆற்றில் 'கெய்ரோ' என்ற படகு கண்ணிவெடியில் சிக்கிப் பன்னிரண்டு நிமிடத்தில் மூழ்கியது. கரையில் மறைந்திருந்தவர்கள் தருணம் பார்த்து வெடிக்கவைத்த கண்ணி என்பதே பரவலான கருத்து. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. 1864 மே மாதம் ரெட் ஆற்றில் நீர் வற்றி, வடக்குத் தளபதி டேவிட் போர்ட்டரின் படகுகள் அலெக்சாண்ட்ரியா ஊருக்கு மேலே பாறைகளுக்கிடையில் அகப்பட்டன. அவற்றைக் காப்பாற்றியவர் மாலுமியே அல்லர். விஸ்கான்சினில் மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிடும் தொழிலைப் பார்த்திருந்த ஜோசப் பெய்லி என்ற தரைப்படை அதிகாரி. மரத்தாலும் கல்லாலும் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, பாய்ச்சலோடு படகுகளை வெளியே அனுப்பினார்.

இத்தனை விலை கொடுத்துக் கற்ற படையை 1865 ஆகஸ்டில் கலைத்தார்கள். கவசப் படகுகள் இல்லினாயின் மவுண்ட் சிட்டி துறையில் ஏலம் போயின.

நதிப் போரைப் பற்றி எழுத ஆளில்லாமல் போகவில்லை. கடல்வலிமையின் கோட்பாட்டாளராக உலகம் அறியும் ஆல்ஃபிரட் மஹானின் முதல் நூலே, 1883இல் வந்தது, உள்நாட்டுப் போரில் மெக்சிகோ வளைகுடாவிலும் உள்நாட்டு நீர்வழிகளிலும் நடந்த சண்டைகளைப் பற்றியது. ஏழு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கடல்வலிமை நூலைத்தான் உலகின் கடற்படைகள் பாடமாக வைத்தன. பெரிய கப்பல், ஆழ்கடல், தீர்மானகரமான ஒரே மோதல் என்ற சிந்தனை பதவி உயர்வையும் பட்ஜெட்டையும் தீர்மானித்தது. முப்பதடிப் படகில் பணியாற்றியவர் அட்மிரல் ஆவது அரிது. அதனால் முப்பதடிப் படகுக்காகப் பேசும் அட்மிரலும் அரிது. மறதி இங்கேதான் உற்பத்தியாகிறது என்பது என் எண்ணம்.

சீனாவின் யாங்சி ஆற்றில் ரோந்து வந்த அமெரிக்கப் படகுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடுத்த நாட்டு ஆற்றில் கொடி காட்டவும் வணிகர்களைக் காக்கவும் இருந்த படை அது. 1937 டிசம்பர் 12 அன்று ஜப்பானிய விமானங்கள் நான்கிங் அருகே 'பனாய்' படகை மூழ்கடித்தன. ஆற்றில் ஒதுங்க இடமில்லாத படகு வானிலிருந்து வரும் தாக்குதலுக்கு எவ்வளவு எளிய இலக்கு என்பது அன்றே தெரிந்த செய்தி. 1941 டிசம்பரில் அந்த ரோந்தும் முடிந்தது.

பிறகு வியட்நாம். அங்கே 1946 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள், தரையிறங்கு படகுகளுக்குக் கவசமும் துப்பாக்கியும் பூட்டி 'தினாசோ' என்ற ஆற்றுப் பிரிவுகளை நடத்தியிருந்தார்கள். அமெரிக்கா 1965 டிசம்பரில் மெக்காங் கழிமுகத்துக்குத் தன் ஆற்று ரோந்துப் படையை அறிவித்தபோது கையில் ஆயத்தமான படகு இல்லை. உல்லாசப் படகு செய்யும் தொழிற்சாலையின் கண்ணாடியிழை உடலை எடுத்தார்கள். உந்துவிசிறிக்குப் பதிலாக, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜக்கூசி பம்புகளைப் பொருத்தினார்கள். 31 அடி நீளம், நான்கு பேர், முன்பக்கத் தொட்டியில் இரட்டை இயந்திரத் துப்பாக்கி. இரண்டடித் தண்ணீரில் போகும். நின்ற இடத்திலேயே திரும்பும்.

நல்ல படகுதான். ஆனால் அதன் குறைகளை ஆறுதான் சொல்லிக்கொடுத்தது. நீர்ச்செடிகள் பம்பின் வாயை அடைத்தன. நாள் முழுக்கச் சோதனைக்காகச் சம்பான் ஓடங்கள் பக்கத்தில் வந்து உரசியதில் கண்ணாடியிழை விளிம்பு தேய்ந்து பிய்ந்தது. அடுத்த வகைப் படகில் அந்த விளிம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அந்தத் தேய்ந்த விளிம்பை நினைத்துப் பாருங்கள். ஒரு ரோந்துப் படகின் அன்றாட வேலை சண்டை இல்லை. காய்கறியும் அரிசியும் கோழியும் ஏற்றிச் சந்தைக்குப் போகும் குடும்பங்களை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, அனுப்பிவைப்பது. யார் பயந்து நடுங்குகிறார், யார் எதையோ மறைக்கிறார் என்று மொழி தெரியாமல் ஊகிப்பது. இந்தப் படகுகளின் தலைவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் அல்லர். பெட்டி ஆபீசர் நிலையில் இருந்தவர்கள். அவர்களின் பணிக்காலம் ஓராண்டு. ஆற்றின் முகம் பிடிபட ஆரம்பிக்கும்போது ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குவார்.

ஆற்றில் நகரும் காலாட்படை தனி. டோங் டாம் தளத்திலிருந்து அமெரிக்கத் தரைப்படையின் ஒன்பதாம் டிவிஷனின் ஒரு பிரிகேடும் கடற்படையின் ஒரு படகுத் தொகுதியும் சேர்ந்து இயங்கின. இரண்டுக்கும் மேலே ஒரே தளபதி கிடையாது. ஒத்துப்போனால் வேலை நடக்கும். 1862இல் தீர்த்த சிக்கல் நூறாண்டு கழித்து மறுபடியும் முளைத்திருந்தது. கரையிலிருந்து இயக்கும் கண்ணிவெடியும் திரும்பியது. சைகோனுக்குப் போகும் லாங் டாவ் கால்வாயில் 1966 நவம்பரில் ஒரு கண்ணிவாரிப் படகு வெடித்து மூழ்கியது.

மறதியின் விலையை மாலுமிகள் மட்டும் கொடுக்கவில்லை. கரையை அறியாத படை கரையையே பகையாகப் பார்க்கத் தொடங்குகிறது. 1968இல் வியட்நாமில் கடற்படைத் தளபதியாகப் பொறுப்பேற்ற எல்மோ ஜும்வால்ட், பதுங்கித் தாக்குவோருக்கு மறைவிடம் இல்லாமல் செய்ய ஆற்றங்கரைகளில் ஏஜெண்ட் ஆரஞ்ச் என்ற, செடிகொடிகளை அழிக்கும் ரசாயனத்தைத் தெளிக்கச் செய்தார். தம் மாலுமிகளின் உயிரிழப்பைக் குறைப்பதே அவர் நோக்கம். அவருடைய மகன் அதே நீர்வழிகளில் படகுத் தலைவராக இருந்தார். அந்த மகன் 1988இல், 42 வயதில், புற்றுநோயால் இறந்தார். காரணம் அந்த ரசாயனமே என்று தந்தையும் மகனும் நம்பினார்கள். கரையோரக் கிராமங்களில் அதே நீரைக் குடித்து, அதே மண்ணில் பயிரிட்ட குடும்பங்கள் அதற்குப் பிறகும் அங்கேயே வாழ்ந்தன.

1968 டிசம்பர் முதல் 1969 மே வரை ஒன்பதாம் டிவிஷன் கழிமுகத்தில் 'ஸ்பீடி எக்ஸ்பிரஸ்' நடவடிக்கையை நடத்தியது. கொல்லப்பட்ட எதிரிகள் 10,899 என்று கணக்குக் காட்டினார்கள். கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இறந்தவர்களில் எத்தனை பேர் விவசாயிகள் என்ற கேள்வி எழாமல் இராது. நதிப்படை ஒன்றைக் கட்டும் எந்த நாடும் முதலில் படிக்க வேண்டிய இரண்டு எண்கள் இவை.

1969இல் படகுகளைத் தென் வியட்நாமிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாம் டிவிஷனோடு இயங்கிய படகுத் தொகுதி ஆகஸ்டிலேயே கலைக்கப்பட்டது. 1970 முடிவதற்குள் பெரும்பாலான படகுகள் கைமாறிவிட்டன. அந்த ஆண்டில்தான் ஜும்வால்ட் அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். ஆற்றை நேரில் அறிந்த ஒருவர் உச்சியில் இருந்தபோதும் வழக்கமான கடற்படைக்குள் நதிப்படை நிலைக்கவில்லை. மிச்சம் ரிசர்வ் பிரிவுகளிலும் சிறப்புப் படைகளின் படகுக் குழுக்களிலும் ஒதுங்கியது. ஒன்பதாம் டிவிஷனின் அந்தப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஃபுல்டன் அனுபவத்தையெல்லாம் தொகுத்து எழுதிய நூலைத் தரைப்படை 1973இல் வெளியிட்டது. புத்தகம் இருந்தது, அதை நடைமுறையாகக் கொண்டு பயிலும் படை இல்லை.

இராக்குக்குப் பிறகும் அதே வழக்கம் தொடர்ந்தது. 2012இல் நதிப்படையைக் கரையோரக் காவல் பிரிவோடு இணைத்தார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே ஆட்கள். 2016 ஜனவரி 12 அன்று அந்தப் படையின் இரண்டு ஆற்றுப் படகுகள் குவைத்திலிருந்து பஹ்ரைனுக்குத் திறந்த வளைகுடாவில் புறப்பட்டன. வழி தவறி, ஒன்றின் இன்ஜின் பழுதாகி, ஃபார்சி தீவருகே ஈரானிய நீர்ப்பரப்பில் பத்து மாலுமிகளும் பிடிபட்டார்கள். மறுநாள் விடுவிக்கப்பட்டார்கள். பயிற்சி, திட்டமிடல், தலைமை என எல்லா மட்டத்திலும் குறை இருந்ததைக் கடற்படையின் விசாரணை அறிக்கையே பட்டியலிட்டது. 2020இல் படையின் பெயரும் மாறியது. புதிய பெயரில் 'ஆறு' இல்லை.

இதற்கு மாறாக, பிரேசிலைப் பாருங்கள். 1865 ஜூன் 11 அன்று பரானா நதியில் ரியாச்சுவேலோ சண்டையில் பராகுவேயை வென்ற நாடு அது. அந்தக் கடற்படை ஆறுகளை அதன் பிறகு கைவிடவே இல்லை. பராகுவே நதிக்கரையில் லடாரியோ தளத்தைச் சேர்ந்த 'பர்னைபா' என்ற போர்ப்படகு 1930களில் கட்டப்பட்டது. நீராவி இன்ஜினை டீசலாக மாற்றி இந்த நூற்றாண்டிலும் ஓட்டினார்கள். அமேசான் கிளைகளில் மருத்துவர்களை ஏற்றிச் செல்லும் கடற்படைப் படகுகளும் உண்டு. சமாதான காலத்தில் ஆற்றங்கரை மக்களுக்குப் பயன்படும் படைக்கு ஆற்றின் ஒவ்வொரு வளைவும் மறக்காது. பணம் குறைந்த நாடும் இதைச் செய்ய முடிகிறது.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது பலாசி அருகே பாகீரதி ஆற்றில் வங்காள இளைஞர்களுக்கு நம் கடற்படை நீச்சலும் கண்ணிவெடி ஒட்டும் கலையும் பயிற்றுவித்தது. ஆகஸ்ட் 15 நள்ளிரவில் அவர்கள் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைகளிலும் ஒரே நேரத்தில் கப்பல்களைத் தாக்கினார்கள். ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். நீரோட்டத்தையும் ஏற்றவற்றத்தையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று சுந்தரவனக் காட்டாறுகளை எல்லைப் பாதுகாப்புப் படையின் நீர்ப்பிரிவு காக்கிறது. மலைக்கும் பாலைக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்காவது அந்தப் பிரிவுக்குக் கிடைக்கிறதா என்று பாராளுமன்றத்தில் யாராவது தொடர்ந்து கேட்க வேண்டும். பயிற்சி பெற்றவர் எத்தனை ஆண்டுகள் அதே ஆற்றில் நிறுத்தப்படுகிறார், உள்ளூர்ப் படகோட்டிகளும் மீனவர்களும் எத்தனை பேர் சேர்க்கப்படுகிறார்கள் என்ற கேள்விகள், எத்தனை படகு வாங்கினோம் என்பதைவிட முக்கியமானவை.

ஏனென்றால் ஆற்றுப் போர் பழங்கதையாகிவிடவில்லை. 2022 நவம்பரில் அமெரிக்கா உக்ரைனுக்கு 40 கவச ஆற்றுப் படகுகளை அறிவித்தது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து நீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதி உருமாறியது. அந்த அக்டோபரில் உக்ரைன் மரைன்கள் சிறுபடகுகளில் ஆற்றைக் கடந்து கிரின்கி கிராமத்தில் காலூன்றினார்கள். தோட்டா, மருந்து, சாப்பாடு, காயம்பட்டவர் எல்லாம் அதே சிறுபடகுகளில் போக வேண்டும், வர வேண்டும். மேலே ட்ரோன்கள் காத்திருந்தன. பல மாதங்கள் தாக்குப்பிடித்து, பெரும் உயிரிழப்புக்குப் பிறகு 2024இல் அந்தக் கரையை விட வேண்டியதாயிற்று. 1937இல் யாங்சியில் தெரிந்த ஆபத்து இப்போது ஒவ்வொரு படகையும் தனித்தனியாகத் துரத்துகிறது. இதற்கான பதில் என்ன என்பதைப் போர் நடக்கும்போது தேடுபவர்கள் கிரின்கியில் இறந்தவர்களைப் போலவே இறப்பார்கள்.

மெக்காங்கில் 1968இல் இருபது வயதில் படகோட்டியவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். அவர்களை எதிர்த்துக் கரையில் நின்றவர்களுக்கும், இருவருக்கும் நடுவில் ஓடத்தோடு அகப்பட்டுக்கொண்ட கிராமத்தாருக்கும் அதே வயதுதான். எந்த வளைவில் எப்போது சுட்டார்கள், எந்தச் சோதனை மக்களைப் பகையாக்கியது, எது ஆக்கவில்லை என்பதெல்லாம் அறிக்கைகளில் பாதிகூட இல்லை. அவர்கள் நினைவில் இருக்கிறது. மூன்று தரப்பிடமும் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் ஒரு சில ஆண்டுகளே மிச்சமிருக்கின்றன.